ஒரிஜினல் டிரைவருடன் விற்பனைக்கு

ஏலக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! சுத்தியலை எப்படிப் பிடிப்பது, விலையை எந்தப் படியில் ஏற்றுவது என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் தானாக வந்துவிடும். மேடையில் நிற்கும்போது முதலாளி ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம், விற்கிறவர் ஒரு பக்கம் என்று இழுப்பார்களே, அப்போது எந்தப் பக்கம் சாய்வது என்று என்னைக் கேட்கிறீர்கள். அதற்கு என்னிடம் விதி எதுவும் கிடையாது. ஒரு பழைய காரின் கதை இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில் ஏலக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த தமிழர்கள் எல்லாம் பாங்கியிலும் சர்க்கார் ஆபீஸிலும் நாற்காலி பிடித்திருந்த காலம். நான் மட்டும் மேடையேறிக் கூவிப் பிழைத்தேன். யாராவது கேட்டால் என் மாமனார், "மாப்பிள்ளை வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனியில ஆபீஸர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார். கல்கத்தாவில் மழையைப் பற்றிப் பேச எப்போதும் விஷயம் இருந்தது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று.

நான் சேர்ந்தபோது கார் என்பது ஏலத்தில் கடைசிச் சாமான். ஊரைவிட்டுக் கிளம்பும் துரை வீட்டிலிருந்து பியானோ வரும், தேக்கு அலமாரி வரும், மான் தலை வரும், சூப் கிண்ணங்கள் வரும். அவையெல்லாம் விற்று, வாங்க வந்த சீமாட்டிகள் எழுந்து போன பிறகுதான் முற்றத்தில் நிற்கும் காரிடம் வருவோம். மல்லிக் பஜார் பழைய இரும்பு வியாபாரிகள் அங்கே பீடி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி மட்கார்டைத் தட்டிப் பார்ப்பார்கள். எஞ்சினுக்கு ஒரு விலை, டயருக்கு ஒரு விலை, மிச்சத்துக்கு இரும்பு விலை. இன்று கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் கும்பிடுகிறார்களே, அந்த மாடல்களையெல்லாம் நான் என் கையால் எடைக்குப் போட்டிருக்கிறேன். அப்போது ஒருவரும் அழவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துரை புறப்படும்போது காரோடு டிரைவரையும் கைமாற்றிவிட்டுப் போவார். விலை காருக்குத்தான், டிரைவர் கூடவே வருவார். யாராவது பெரிய மனிதர் ஓட்டுவதற்காக வாங்கினால் டிரைவரும் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே புது எஜமான் வீட்டுக்குப் போய்விடுவார். மல்லிக் பஜார்காரர் வாங்கினால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வேலை தேடுவார். உடைக்கப்போகிற காருக்கு டிரைவர் எதற்கு?

எழுபதுகளின் நடுவில் தொப்பிக்காரர்கள் வந்தார்கள். கட்டம் போட்ட கம்பளித் தொப்பி, வாயில் பைப், கையில் பூதக்கண்ணாடி. குளிர்காலத்தில் பழைய கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போவது நாகரிகமாயிற்று. முதலில் ஒரு சங்கம் வைத்தார்கள். பிறகு அதில் சண்டை போட்டுப் பிரிந்து இன்னொரு சங்கம் வைத்தார்கள். கல்கத்தாவில் ஒரு விஷயத்துக்கு இரண்டு சங்கம் வந்துவிட்டால் அது வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். காரின் விலையும் அப்படித்தான் வளர்ந்தது. கடைசிச் சாமானாக இருந்தது முதல் சாமானாயிற்று. பீடிக்காரர்கள் பின் வரிசைக்குப் போனார்கள், பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

விலை ஏற ஏற ஒவ்வொரு காருக்கும் ஒரு மகாராஜா முளைத்தார். டீ எஸ்டேட் மானேஜர் ஒருவரின் கார் எங்களிடம் வந்தது. பின் சீட்டில் எலி கடித்த ஓட்டை. நான் தைத்துவிடலாம் என்றேன். முதலாளி என்னை ஒரு புழுவைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, புலி வேட்டைக்குப் போன மகாராணியின் துப்பாக்கி தவறுதலாக வெடித்த இடமாக அது இருக்கலாம் என்று கேட்டலாக்கில் போட்டார். 'இருக்கலாம்' என்ற ஒரு சொல் எங்கள் தொழிலில் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறது! விசாரிக்க வந்த ஒரு தொப்பிக்காரரிடம் நான் மனசு கேட்காமல், "சார், அது எலி" என்று சொல்லிவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எலியும் அந்தக் காலத்ததுதானே?" என்றார். கார் நல்ல விலைக்குப் போயிற்று.

இந்தப் பைத்தியம் உச்சத்தில் இருந்தபோதுதான், எண்பதுகள் தொடங்கிய சமயம், அலிப்பூரிலிருந்து ஒரு விதவை அம்மாள் எங்களிடம் வந்தார். நல்ல குடும்பம். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. வங்காளிகள் வயதான பெண்களை மாஷிமா என்பார்கள், நம் சித்தி மாதிரி. ஊருக்கே அவர் மாஷிமா. யுத்தத்துக்கு முன்னால் அவருடைய மாமனார் சீமையிலிருந்து வரவழைத்த பெரிய பச்சை நிறக் கார் வீட்டில் இருந்தது. கொழுந்தன்மார் வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள், கராஜை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போகிறார்கள், காரை விற்றாக வேண்டும் என்றார்.

"ஆனால் ஒரு நிபந்தனை, மூர்த்திபாபு" என்றார். "டிரைவரும் கூடப் போகணும். அவன் இல்லாம கார் போகக் கூடாது."

டிரைவரின் பெயர் இந்திரதேவ். பீகாரில் சாப்ரா ஜில்லாக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, முறுக்கு மீசை. கராஜுக்கு மேலே இருந்த அறையில்தான் குடியிருந்தார். கார் போனால் அவருக்கு வேலை போகும், கராஜ் இடிந்தால் கூரையும் போகும். ஊரில் மனைவியும் நாலு பிள்ளைகளும் அவர் அனுப்புவதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். வேறு வீட்டில் வேலை தேடிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். மாஷிமா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவன் ஓட்டறது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கேட்டுல இடிப்பான். மரத்துல இடிப்பான். ஆனா இன்னிக்கு வரைக்கும் மனுஷன் மேல இடிச்சதில்லை."

காரைச் சுற்றிப் பார்த்தேன். இடிக்காத பக்கம் என்று ஒன்று இல்லை. இடது மட்கார்டு குழிந்திருந்தது. பின் பம்பர் வாய் கோணியிருந்தது. ஹெட்லைட் வளையம் சப்பையாகியிருந்தது. இந்திரதேவ் பக்கத்தில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டு, "எல்லாம் எனக்கு முன்னாடி இருந்தவன் பண்ணினது, ஹுசூர்" என்றார். அலிப்பூர் முழுக்க அவருடைய புகழ் பரவியிருந்ததால் வேறு எவரும் அவரை வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, காரு கூட ஆளையும் சேத்தா ஏலம் போடப் போறீங்க? கேக்கவே நல்லால்லையே."

"பழைய வழக்கம்தான். அந்த ஆளுக்கு வேற போக்கிடம் இல்லை."

"அது சரி. அவரு நல்லா ஓட்ட மாட்டாருங்கறத சொல்லுவீங்களா, மூடி வைப்பீங்களா? வாங்கினவன் நாளைக்கு எங்கயாவது மோதிட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கப் போறான்."

"சொன்னா யார் எடுப்பா?"

"சொல்லாம வித்தா அதுக்குப் பேரு வேற" என்று தோசையைத் தட்டில் போட்டாள். அது சற்றுக் கருகியிருந்தது.

நான் கேட்டலாக்குக்கு 'டிரைவருடன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். முதலாளி பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு பேனாவை எடுத்து முன்னால் ஒரு சொல் சேர்த்தார். 'ஒரிஜினல் டிரைவருடன்.' தொப்பிக்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் போதும், கரும்பைக் கண்ட யானை மாதிரி நகர மாட்டார்கள். கண்ணாடி ஒரிஜினலா, கைப்பிடி ஒரிஜினலா, திருகாணி ஒரிஜினலா என்று கேட்டே பழகியவர்கள். டிரைவரே ஒரிஜினல் என்ற கார் இந்தியாவில் அதற்கு முன் ஏலத்துக்கு வந்ததில்லை. பம்பாயிலிருந்து தந்தி வந்தது, டெல்லியிலிருந்து டிரங்க் கால் வந்தது.

சனிக்கிழமை பார்வையிட வந்தார்கள். காரைப் பார்த்த நேரத்தைவிட இந்திரதேவைப் பார்த்த நேரம் அதிகம். ஒருவர் கோட்டுப் பொத்தானைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒருவர் சல்யூட் அடிக்கச் சொல்லிப் படமெடுத்தார். இன்னொருவர் மீசையருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்துவிட்டு என்னிடம் வந்து, "மிஸ்டர் மூர்த்தி, மறுபடி பெயிண்ட் பண்ணியிருக்கிறீர்களே!" என்று வருத்தப்பட்டார். விஷயம் இதுதான். விசேஷ நாளாயிற்றே என்று இந்திரதேவ் மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பழைய காருக்குப் புது வண்ணம் அடித்தால் மதிப்பு இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். அன்று சாயங்காலம் முதலாளி தன் செலவில் சோப்பு வாங்கிக் கொடுத்து மீசையைக் கழுவ வைத்தார்.

இத்தனைக்கும் இந்திரதேவுக்கு வருத்தமே இல்லை. தன் மதிப்பு திடீரென்று ஏறியதில் பூரித்துப் போயிருந்தார். பிறந்தது முதல் அவரை யாரும் சுற்றி வந்து பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏலம். முற்றத்தில் பந்தல் போட்டு, நடுவில் கார், காருக்குள் இந்திரதேவ், பின் வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு மாஷிமா. நான் மேடையேறியதும் லோட்ஷெடிங். மின்விசிறிகள் நின்றன. கம்பளித் தொப்பிக்குள் தலைகள் வேக ஆரம்பித்தன. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன், வியர்க்கிறவன் சீக்கிரம் கை தூக்குவான். விலை மடமடவென்று ஏறியது. எடைக்குப் போட்ட காலத்து விலையைத் தாண்டி, வீட்டு விலையைத் தாண்டி, நான் அதுவரை வாயால் சொல்லியிராத தொகைக்கு வந்தது. பம்பாய்க்காரர் ஒருவரும் கல்கத்தாப் பைப்காரர் ஒருவரும் மட்டும் மிஞ்சினார்கள். பம்பாய்க்காரருக்குப் பருத்தி மில் இருந்தது. பைப்காரருக்கு ஆங்கிலம் இருந்தது. மில்தான் ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், பைப்காரருக்கும் தெரியும். அவர் எழுந்து நின்றார்.

"ஒரு ஆட்சேபணை. கேட்டலாக்கில் ஒரிஜினல் டிரைவர் என்று இருக்கிறது." காரின் அருகே போய்க் குனிந்தார். "ஏம்ப்பா, நீ எப்போ இந்த வீட்டுல வேலைக்குச் சேந்தே?"

இந்திரதேவ் நெஞ்சை நிமிர்த்தி, "நாட்டுக்குச் சுதந்திரம் வந்தப்புறம், ஹுசூர். காந்திஜி செத்துப்போன வருஷம்" என்றார்.

"கார் யுத்தத்துக்கு முன்னால வந்தது!" பைப்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "அப்படியானால் இவர் ஒரிஜினல் இல்லை. பிறகு மாற்றப்பட்ட பாகம்."

பந்தலுக்குள் ஒரு முனகல் பரவியது. போலி சிலை என்று தெரிந்தால் வருமே, அதே முனகல். பம்பாய்க்காரர் கையை இறக்கிவிட்டார். "டிரைவரை எடுத்துவிடுங்கள்" என்றார் என்னிடம். "காரை மட்டும் இதே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்."

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். முதலாளி மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, கழுத்தில் கையை வைத்து அறுப்பது போலக் காட்டினார். டிரைவரை அறுத்துவிடு என்று அர்த்தம். கம்பெனி சரித்திரத்திலேயே பெரிய விலை, பத்திரிகைக்காரன் வேறு உட்கார்ந்திருந்தான். நிபந்தனை என்பது எங்கள் தொழிலில் ஜாங்கிரி மேலே ஒட்டும் வெள்ளித்தாள், யாரும் அதற்குக் காசு கொடுப்பதில்லை என்பது முதலாளியின் கொள்கை. கார் தனியாகப் போனால் மாஷிமாவுக்கு நல்ல தொகை கிடைக்கும், இந்திரதேவ் தகரப் பெட்டியோடு தெருவில் நிற்பார். விற்க மாட்டேன் என்று நான் இறங்கினால் இந்திரதேவுக்கும் லாபமில்லை, கராஜ் எப்படியும் இடியப் போகிறது. நானும் அவரோடு சேர்ந்து தெருவில் நிற்பேன்.

மாஷிமாவைப் பார்த்தேன். அவர் சம்மதம் என்றும் காட்டவில்லை, வேண்டாம் என்றும் காட்டவில்லை. குடைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார். இந்திரதேவைப் பார்த்தேன். கழுவின மீசை தொங்கிப்போயிருந்தது. நேற்று முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவர்கள் இன்று தன்னை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எலி கடித்த ஓட்டைக்குக் காசு கொடுக்கிறவர்கள் ஒரு மனிதனைக் கழித்துக் கட்டுகிறார்களே என்ற கோபம். அந்தக் கோபம்தான் வழி காட்டியது.

"ஆட்சேபணை நியாயமானது" என்றேன் மேடையிலிருந்து. "இவர் இந்தக் காரின் முதல் டிரைவர் இல்லை. கேட்டலாக்கில் தவறு. திருத்திக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இந்திரதேவ்ஜி, இடது மட்கார்டு எப்படிக் குழிந்தது?"

இந்திரதேவ் என்னை முறைத்தார். "எனக்கு முன்னாடி இருந்தவன்..." என்று ஆரம்பித்தார்.

"உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் கேட்கிறேன்."

நான் செய்தது எத்தனை பெரிய சூதாட்டம் என்பது எனக்குத் தெரியும். அவர் ஒப்புக்கொண்டு, என் கணக்குத் தப்பினால், இந்த ஊரில் மட்டுமல்ல, பம்பாய் டெல்லி வரைக்கும் அவரை யாரும் ஸ்டியரிங் பக்கம் விட மாட்டார்கள். இத்தனை வருஷமாக மீசைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்ததை இத்தனை பேர் முன்னால் எடுத்துப் போடச் சொல்கிறேன். அவர் திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தார். மாஷிமா மெல்லத் தலையை அசைத்தார்.

"வீட்டு கேட்டுத் தூண், ஹுசூர்" என்றார் இந்திரதேவ்.

"ஓட்டியது யார்?"

"நான்தான்."

"பின் பம்பர்?"

"தபால் பெட்டி. ரிவர்ஸ்ல." குரல் அடங்கிவிட்டது. "அதுவும் நான்தான். ஹெட்லைட்டு ஒரு காளை மாட்டால போச்சு. காளை நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பைப்காரரைப் பார்த்துப் பேசினேன்.

"ஐயா, இந்தக் காரைச் செய்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள், செத்தும் போயிருப்பார்கள். அதே மாதிரி கார் இன்னும் பத்து இடத்தில் கிடைக்கும். ஆனால் இந்த நசுங்கல்கள் வேறு எந்தக் காரிலும் கிடையாது. தட்டி நிமிர்த்தாத நசுங்கல்கள். உலகத்தில் எந்தப் பழைய காருக்காவது, ஒவ்வொரு நசுங்கலையும் உண்டாக்கியவர் உயிரோடு வந்து நான்தான் என்று சொல்லியிருக்கிறாரா? மட்கார்டுக்கு இவர் ஒரிஜினல். பம்பருக்கு இவர் ஒரிஜினல். ஹெட்லைட்டுக்கு ஒரிஜினல். காளை மட்டும் கிடைக்கவில்லை. லாட் பிரிக்கப்படாது. டிரைவரோடுதான் கார்."

பூதக்கண்ணாடிகள் வெளியே வந்தன. இரண்டு மூன்று தொப்பிகள் எழுந்து மட்கார்டுப் பக்கம் குனிந்தன. ஒருவர் இந்திரதேவிடம், "தபால் பெட்டி சிவப்பா? இங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறது!" என்று கூவினார். அவ்வளவுதான். பைப்காரர் தன் ஆட்சேபணையை விழுங்கிக்கொண்டு கை தூக்கினார். பம்பாய்க்காரர் அதற்கு மேல் தூக்கினார். பழைய விலையைத் தாண்டிப் போய்ச் சுத்தியல் விழுந்தது. முதலாளி கழுத்தை அறுத்த அதே கையால் என் முதுகைத் தட்டினார். தான் சொல்லிக் கொடுத்த வித்தை என்று சாயங்காலம் பத்திரிகைக்காரனிடம் சொன்னார்.

அடுத்த சீசனில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நசுங்கல் இல்லாத கார் வைத்திருந்தவர்கள் எங்கள் ஆபீஸுக்கு வந்து, ஒன்றுமே ஆகவில்லையே என்று கவலைப்பட்டார்கள். ஒரு வக்கீல் தன் மைத்துனருக்குக் காக்கிக் கோட்டு மாட்டிக் கூட்டிவந்து, ஒரிஜினல் டிரைவர் என்றார். மைத்துனருக்குக் கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியவில்லை. தொப்பிக்காரர்கள் அவரையும் முகர்ந்து பார்த்தார்கள்.

அன்று ஏலம் முடிந்த கையோடு பம்பாய்க்காரர் இந்திரதேவிடம் வந்தார். நானும் கூடவே நின்றேன். மில் வளாகத்தில் கண்ணாடிக் கூடம் கட்டியிருக்கிறாராம். கார் அங்கேதான் நிற்குமாம். ஹவுராவிலிருந்து கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். இந்திரதேவ் தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும், வருகிறவர்களுக்கு நசுங்கல் கதைகளைச் சொல்ல வேண்டும். தங்க இடம் உண்டு, இப்போது வாங்கும் சம்பளத்தைவிடக் கூடவே உண்டு.

"ஓட்டறது?" என்று கேட்டார் இந்திரதேவ்.

"ஓட்டவே கூடாது. பெட்ரோலே ஊற்ற மாட்டோம்."

"ஒரு நாளும் வேண்டாமா?"

"ஒரு நாளும்."

இந்திரதேவின் முகம் வெளிறிவிட்டது. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டோமே, ஒரு டிரைவரைப் பொம்மையாக்கிவிட்டோமே என்று நினைத்தேன். பம்பாய்க்காரர் போனதும் இந்திரதேவ் காரின் படியில் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். சமாதானப்படுத்த அருகே உட்கார்ந்தேன்.

"வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், இந்திரதேவ்ஜி. நான் பேசுகிறேன்."

"ஐயோ, பேசாதீங்க பாபு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வண்டின்னா பயம். முதல் நாள்லேருந்தே பயம். கியர் போடற ஒவ்வொரு தடவையும் இன்னிக்கு யாரையாவது கொன்னுடப் போறேன்னு நினைப்பேன். எதிர்ல ஒரு குழந்தை வந்தா எனக்குக் கண்ணே தெரியாது, ஒடிச்சுத் தூண் மேல விடுவேன். வேற தொழில் தெரியாது. யார் கிட்ட சொல்ல? மாஷிமா தினம் வெளியே போகணும்பாங்க. அவங்களுக்காக ஓட்டினேன். இனிமே வேண்டாம். பகவான் கண்ணைத் திறந்துட்டான்."

அவர் என் காலைத் தொட வந்தார். நான் எழுந்துகொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து மனைவியோடு காளிகாட் பக்கம் போயிருந்தேன். கோயில் சந்தில் மாஷிமா எதிரே வந்தார், நடந்து. கையில் செம்பருத்தி மாலை. நலம் விசாரித்துவிட்டு, பெரிய ரகசியம் மாதிரி இந்திரதேவ் சொன்னதை அவரிடம் சொன்னேன். உங்களுக்காகத்தான் இத்தனை வருஷம் பயந்துகொண்டே ஓட்டினாராம் என்றேன்.

மாஷிமா சந்து நடுவில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரன் திட்டினான். அவர் காதில் வாங்கவில்லை.

"எனக்காகவா?" என்றார். "கார் வெளியே போகாம நின்னா டிரைவர் எதுக்குன்னு கொழுந்தன்மார் கேப்பாங்க. அவன் வேலை போயிடும். அதுக்காகத்தான் நான் தினம் கிளம்பினேன். இல்லாட்டி எனக்கு வெளியில என்ன வேலை? போக இடம் வேணுமேன்னு இந்தக் கோயிலுக்கு வந்தேன். பின் சீட்டுல கண்ணை மூடிக்கிட்டே வருவேன், மூர்த்திபாபு. இங்க வந்து காளி கிட்ட என்ன வேண்டிக்குவேன் தெரியுமா? திரும்பி வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மாஷிமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இப்பத்தான் காரே இல்லையே, மாஷிமா" என்றாள் என் மனைவி. "இன்னும் எதுக்கு நடந்து வரீங்க?"

"அவனுக்காகத்தான். பம்பாய்ல எவனாவது பெட்ரோல் ஊத்தி, ஒரு தடவை ஓட்டிக் காட்டுன்னு சொல்லிடக் கூடாதே" என்று சொல்லிவிட்டு, மாலை வாடுவதற்குள் போக வேண்டும் என்று கோயிலுக்குள் விறுவிறுவென்று நடந்தார்.